இறுக்கிக் கட்டிய கட்டு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பட்டாளத்துல பழகுன வாய். எல்லையில சண்டை நடந்தப்ப கூடாரத்து ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்தேன். அங்க எங்களுக்குச் சொன்ன பாடம்: கத்துறவன் பொழச்சுக்குவான், சத்தமில்லாம கெடக்குறவன முதல்ல பாரு. ரத்தம் கொட்டுச்சுன்னா இறுக்கிக் கட்டு, டாக்டர் வர்ற வரைக்கும் எவன் கெஞ்சுனாலும் அவுக்காத. அந்தப் பாடத்தோடதான் ஏற்காட்டுல இந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு மேட்ரனா வந்தேன்.

போன காப்பி சீசன்ல, எஸ்டேட் ஆளுங்கள ஏத்திட்டு வந்த ஜீப்பு ஒண்ணு தலைச்சோலை வளைவுல கவுந்துருச்சு. காலையில, டாக்டர் இன்னும் வரல. ஒரு பொண்ணு பேச்சுமூச்சில்லாம கெடந்தா. காப்பிப்பழம் பறிக்கிற இன்னொருத்திக்கு வலது முன்கை கிழிஞ்சு ரத்தமா ஊத்துச்சு. நானே இறுக்கிக் கட்டுனேன். ரத்தம் நின்னுச்சு. உடனே பேச்சில்லாதவகிட்ட ஓடினேன்.

"அம்மா, கை செத்துப் போவுதுங்க, கொஞ்சம் அவுத்து உடுங்க"ன்னு இவ கத்துறா.

"அட, சும்மா இரு கண்ணு! கத்தத் தெம்பிருக்குதில்ல, ஒண்ணும் ஆவாது."

பக்கத்துல இருந்த சிஸ்டர் கட்டுல கை வச்சா. "தொட்டீன்னா பாரு!"ன்னு ஒரே அதட்டு. நான் அதட்டுனா அப்புறம் எவ கை நீட்டுவா?

மயங்கிக் கெடந்தவ கொஞ்ச நேரத்துல தானா எந்திரிச்சு உக்காந்துட்டா. பயத்துல வந்த மயக்கம். அப்பவாவது இவ கையப் பாத்திருக்கலாம். பாக்கல, பாவி நான். கத்தட்டும்னு மத்தவங்களுக்குத் தையல் போடப் போயிட்டேன். மத்தியானம் வரைக்கும் டாக்டர் வரல. அவ சத்தம் நின்னப்பதான் பதறி ஓடினேன். விரலெல்லாம் நீலம். சேலத்துக்கு அனுப்பினோம். அங்க மூணு விரல எடுத்துட்டாங்க. பழம் பறிக்கிற கை.

போன வாரம் அவ கரடியூர்லேருந்து என்னைப் பாக்க வந்தா. இடது கையில ஒரு பை நெறைய பட்டர் ஃப்ரூட்.

"அன்னிக்கு நொம்ப கத்தி உங்களச் சங்கடப்படுத்திட்டேனுங்க. நீங்க கட்டலைன்னா செத்தே போயிருப்பேன்னு ஊட்ல சொல்றாங்க."

அந்தப் பையை எப்படி வாங்குவேன்?

"இல்ல கண்ணு. கட்டு தேவைக்கு மேல இறுக்கம். உன் விரல் போனது என்னாலதான். நீ சொன்னதுதான் சரி."

அவ மொகத்துல கோவமே இல்ல. தெரியாததக் கேக்குற மாதிரிதான் கேட்டா.

"அப்ப, அவுத்து உடுங்கன்னு நான் அத்தன தடவ சொன்னப்ப, ஏனுங்க கேக்கல?"