கறார் வீட்டுக்கு வைத்த அளவு

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் அவனுடைய சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. கறார் என்றால்தான் தெரியும். கீழ்த்தளத்தில் தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து, மொத்தக் கட்டடத்துக்கும் வருகிற ஒரே இணைய இணைப்பை வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பது அவன் வேலை. சாயங்காலம் ஆளாளுக்குப் படம் பார்க்க உட்கார்ந்ததும் நெட் திணறும். அளவை மீறுகிற வீட்டின் வேகத்தை யோசிக்காமல் குறைத்துவிடுவான். சங்கத் தலைவரே வந்து நின்றாலும் சிபாரிசு எடுபடாது. அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, மறைப்பானேன்.

அவனை வளர்த்து ஆளாக்கியது அக்காதான். தம்பியைக் கரைசேர்க்கும் அவசரத்தில் தன் கல்யாணத்தையே மறந்தவள். இப்போது அவளுக்கு இதயம் பலவீனம். அதே கட்டடத்தின் நான்காவது மாடியில், அவர்கள் வீட்டில் பகலெல்லாம் தனியாக இருக்கிறாள். அவள் அறையில் ஒரு கேமரா வைத்து, கீழே வேலை பார்க்கும் திரையின் மூலையில் அவளைப் பார்த்துக்கொண்டே இருப்பான்.

போன மாதம் சங்கக் கூட்டத்தில் எதிர்வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். "எங்களுக்குத்தான் லிமிட்டு. சார் வீட்டுக்கு மட்டும் தாராளமா திறந்து விட்டிருக்கு போல." எல்லோரும் சிரித்தார்கள். கறாருக்குச் சுருக்கென்றது. எல்லோரும் பார்க்க, கட்டடத்திலேயே குறைந்த அளவைத் தன் வீட்டுக்கு வைத்தான். வீம்பு, வேறென்ன?

அதிலிருந்து சாயங்காலமானால் கேமராப் படம் அப்படியே நின்றுவிடும். முதல் நாள் பதறியடித்துக்கொண்டு மாடியேறினான். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மறுநாளும் ஓடினான். அவள் சிரித்துவிட்டாள்.

"படம் நின்னா நானும் நின்னுட்டேன்னு அர்த்தமாடா? போய் வேலையைப் பாரு."

பிறகு ஓடுவதை விட்டுவிட்டான்.

இன்று நல்ல மழை. யாரும் வெளியே போகாததால் புகார் மேல் புகார். திரையின் மூலையில் அக்கா நாற்காலியில் சாய்ந்திருந்தாள், மடியில் தம்ளர். அசைவில்லை. வழக்கம்போல நின்றுவிட்டது என்று கறார் நினைத்தான். மேல்மாடிக்காரருக்குப் பதில் சொன்னான். இன்னொரு வீட்டுக்காரரோடு மல்லுக்கட்டினான். மறுபடி பார்த்தபோது அதே நாற்காலி, அதே தம்ளர். எவன் என்ன சொன்னால் என்ன என்று, தன் வீட்டுக்கான அளவைக் கூட்டிவிடக் கையை நீட்டினான்.

அப்போது அக்காவுக்குப் பின்னால் ஜன்னல் திரைச்சீலை காற்றில் உப்பியது. மெல்ல அடங்கி, மறுபடி உப்பியது. தம்ளர் சாய்ந்து, அவள் புடவை நனைந்திருந்தது.

அவன் இன்னும் எதையும் மாற்றவில்லை. படம் நிற்கவேயில்லை, இத்தனை நேரமும் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

மேசையில் போன் அடித்தது. எடுக்காமல் வெளியே ஓடினான். மேலே போனதும் அக்கா தன்னைப் பார்த்துச் சிரித்துவிட வேண்டும், அது போதும் என்று வேண்டிக்கொண்டே படியேறினான்.