தராசின் நான்காவது மூலை

தராசு பராமரிக்கும் தொழிலில் ஒரு வசதி உண்டு: தராசு சரியாக இருந்தால் "அப்புறம் எதுக்கு வந்தே?" என்பார்கள், தவறாக இருந்தால் "இவ்வளவு நாள் எங்கே போயிருந்தே?" என்பார்கள், ஆகவே இரண்டுக்கும் பதிலை வழியிலேயே யோசித்து வைத்துக்கொள்ளலாம்.

அம்பாங்கில் இருக்கும் எங்கள் பட்டறையிலிருந்து எடைக்கற்களை லோரியில் ஏற்றிக்கொண்டு போய், கிள்ளான் பள்ளத்தாக்குத் தொழிற்சாலைகளின் தராசுகளைச் சுத்தம் செய்து, சோதித்து, அடுத்த சோதனைத் தேதி எழுதிய ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வருவது என் வேலை. லோரி ஓட்டுவது சேகர். ஏர்கோன், லிப்ட், போட்டோஸ்டாட் மெஷின் என்று பிறர் பொருளைச் சரிசெய்து பிழைக்கும் சக பாவிகளுக்கு நான் எழுதுவது புரியும். மற்றவர்கள் சும்மா சிரித்துவிட்டுப் போகலாம்.

கல்லுக்குக் கல்

ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலை வாசல். காவலுக்கு இருந்த அங்கிள் லோரியின் பின்கதவைத் திறக்கச் சொன்னார். உள்ளே ஒரே மாதிரி இரும்புக் கட்டிகள், ஒவ்வொன்றும் இருபது கிலோ. "இருபதுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இதைவிடத் துல்லியமான கல்லோடு ஒப்பிட்டிருக்கிறோம் என்றேன். அந்தக் கல்? அதைவிடத் துல்லியமான ஒன்றோடு. அங்கேயே நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் புத்தகம் படித்தவனுக்கு வாய் சும்மா இருக்காது. எல்லாக் கல்லுக்கும் மூத்த கல் ஒன்று அயல்நாட்டில் கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்ததையும், இப்போது அதையும் ஓய்வு பெறவைத்துவிட்டு இயற்கையின் மாறாத எண் ஒன்றை அந்த இடத்தில் அமர்த்தியிருப்பதையும் விளக்க ஆரம்பித்தேன். பின்னால் மூன்று லோரிகள் ஹார்ன் அடித்தன.

அங்கிள் பொறுமையாகக் கேட்டு முடித்துத் தடுப்புக் கம்பைத் தூக்கினார். "அப்படின்னா கடைசியில ஒருத்தன் சும்மா நம்பித்தான் ஆகணும். நான் உங்களை நம்புறேன், உள்ளே போங்க."

ஆடும் எண்கள்

செராஸில் மூலிகைப் பொடி அடைக்கும் சிறிய தொழிற்சாலை ஒன்றிலிருந்து அவசர அழைப்பு. தராசு பேய் பிடித்தது போல் ஆடுகிறதாம், எண் ஓரிடத்தில் நிற்கவில்லையாம். நெரிசலில் ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம். தராசுக்கு நேர் எதிரே, போருக்குப் புறப்பட்டது போல முழு வேகத்தில் சுழலும் ஒரு ஸ்டாண்ட் மின்விசிறி. அதை நிறுத்தினேன். எண்ணும் நின்றது. காற்றுக்கும் எடை உண்டு, தள்ளும் பலமும் உண்டு என்று நான் தொடங்கியபோதே அந்த முதலாளி கையைக் காட்டி நிறுத்தினார்.

"பேன் சுவிட்சை அமுக்க அம்பாங்குல இருந்து ஆள் வரணுமா, பாஸ்?"

புஷ்பா அக்காவின் பெட்டி

கிள்ளானில் ஒரு மசாலா ஆலை. மூட்டை கட்டும் பகுதிக்குப் புஷ்பா அக்கா மேற்பார்வை. அங்கிருக்கும் மேடைத் தராசுக்கு மசாலா மூட்டைகளை நிறுப்பதுதான் வேலை என்று முதலாளி நினைத்துக்கொண்டிருக்கிறார். இந்தியாவுக்குப் போகிறவர்களின் பெட்டிகளை நிறுப்பதுதான் அதன் முக்கியமான வேலை என்பது மற்ற எல்லோருக்கும் தெரியும். விமானத்தில் இருபது கிலோதான் அனுமதி. ஆகவே திருச்சிக்கு டிக்கெட் போட்ட யாரும் இந்த மேடையில் பெட்டியை ஏற்றி இறக்காமல் கிளம்புவதில்லை.

போன தடவை அக்காவும் அப்படித்தான் நிறுத்துக்கொண்டு போனார். ஆலையில் சரியாக இருபது. விமான நிலையத்தில் இருபத்தொன்றுக்கும் மேல். வரிசை மொத்தமும் பார்க்கத் தரையில் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்து, அண்ணிக்கு வாங்கிய நான்கு நைட்டிகளை எடுத்துப் புடவைக்கு மேலேயே ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு விமானம் ஏறியிருக்கிறார். இந்தத் தடவை பயணம் மகளின் கல்யாணப் பட்டு எடுக்க. கூடவே, அதே விமானத்தில், மாப்பிள்ளையின் அம்மா.

ஸ்டிக்கரில் இருந்த தேதி எப்போதோ முடிந்துவிட்டது, "நல்லாத்தானே ஓடுது" என்று உங்கள் முதலாளி ஒரு பராமரிப்பைத் தள்ளிப்போட்டார், ஆகவே தொழில்முறையில் பார்த்தால் அந்த நைட்டிகளுக்கு நான் பொறுப்பல்ல என்று எடுத்துச் சொன்னேன். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"தேதியெல்லாம் யாரு படிச்சா? ஸ்டிக்கர் இருந்துச்சு, நம்புனேன். சம்பந்தி அம்மா முன்னால நான் நைட்டியோட நிக்க முடியாது லா, தம்பி."

நான்காவது மூலை

மேடைத் தராசைச் சோதிக்க ஒரு முறை இருக்கிறது. ஒரே கல்லை நான்கு மூலையிலும் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். மூன்று மூலைகள் இருபது என்றன. வாசல் பக்கச் சுவரோரம் இருந்த நான்காவது மூலை, பதினெட்டு புள்ளி எட்டு என்றது. மேடையைத் தூக்கினோம். மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் ஈரத்தில் இறுகிச் செங்கல்லாகிக் கிடந்தன, நடுவே பாதிச் சீப்பு ஒன்று. மேடையின் அந்த மூலை இந்தச் செங்கல்மேல் உட்கார்ந்திருந்தது. சுமையில் ஒரு பங்கைத் தரை தாங்கிக்கொண்டது, தராசுக்கு அது தெரியாது.

அக்கா பெட்டியை வைத்ததும் அந்த மூலையில்தான். வாசலுக்குப் பக்கம் என்பதால் மூட்டைகளையும் எல்லோரும் அங்கேயேதான் வைப்பார்களாம். ஆக, இருபது கிலோ என்று போன ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு கிலோவுக்கு மேல் இனாம். முதலாளிக்கு அட்டை ஒன்றில் படம் வரைந்து, அம்புக்குறிகள் போட்டு விளக்கினேன். படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"புது கஸ்டமர் எல்லாம் திரும்பத் திரும்ப வந்தப்போ, என் மசாலா ருசிக்குத்தான் வர்றாங்கன்னு நெனைச்சேன்யா."

கை சொன்ன கணக்கு

சுத்தம் செய்து, மூலைகளைச் சமன்படுத்தி முடித்ததும் அக்கா பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தார். நாங்கள் சரிசெய்வதற்கு முன் இதே மேடையில் சரியாக இருபதுக்குக் கட்டிய பெட்டி அது. இப்போது இருபத்தொன்று புள்ளி இரண்டு. அக்கா நம்பவில்லை. ஒரு கையில் என் எடைக்கல், மறு கையில் தன் பெட்டி என்று தூக்கிப் பார்த்து, பெட்டிதான் லேசு என்று தீர்ப்புச் சொன்னார். ஒரே எடையுள்ள இரண்டு பொருளில் பெரியது லேசாகத் தோன்றுவது மனித இயல்பு என்று நான் ஆரம்பித்தேன். என்னைப் பார்க்காமலே பெட்டியைத் திறந்து, இரண்டு பிஸ்கட் டின்களை எடுத்துச் சேகரிடம் கொடுத்தார். டின் ஒன்று அறுநூறு கிராம். மேடை அழகாக, துல்லியமாக, இருபது காட்டியது.

சேகர் குனிந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். "இன்னும் கொஞ்சம் கூட இருக்கிற மாதிரி தெரியுதே, அக்கா. அந்தச் சாக்லேட்டையும் எடுத்துப் பார்க்கலாமா?"

கவுன்டரிலிருந்து

அக்கா கிளம்பும் நாளில் நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். போன் வந்தது. "பெட்டி பத்தொம்பது புள்ளி நாலு காட்டுச்சு, தம்பி." அறுநூறு கிராம் வித்தியாசம். நான் துடைத்த தராசு, நான் ஒட்டிய ஸ்டிக்கர். "அக்கா, பெட்டியிலிருந்து எதையாவது எடுத்தீங்களா?" என்றேன். வீட்டுக்குப் போனதும் பயம் வந்து இன்னொரு பிஸ்கட் டின்னையும் வெளியே எடுத்து வைத்துவிட்டாராம். இருபதிலிருந்து ஒரு டின்னைக் கழித்தேன். பத்தொன்பது புள்ளி நான்கு. அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, தராசு மயிரிழை கூடத் தவறவில்லை என்பதை எண்களோடு நிரூபித்தேன்.

அக்காவுக்கு அதில் அக்கறையே இல்லை. சம்பந்தி அம்மாவின் பெட்டிதான் அரைக்கிலோ கூடிப்போய், அவர் கவுன்டர் முன்னால் தரையில் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்தாராம். அக்கா போய், "எதுக்குங்க, என்கிட்ட இடம் இருக்கு" என்று அவருடைய அரைக்கிலோ தைலப் பாட்டில்களை வாங்கித் தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாராம். இப்போது இருவரும் அடுத்தடுத்த சீட்டாகக் கேட்டு வாங்கிக்கொண்டு அருகருகே உட்காரப் போகிறார்கள்.

"நல்ல வேளை தம்பி, உன்னை நம்பல."

தராசைச் சரியாக வைத்திருப்பது என் கடமை, அதை நம்பாமல் ஒரு டின்னைக் குறைத்துக்கொள்வது வாடிக்கையாளரின் உரிமை, சம்பந்திகள் ஒற்றுமையாக விமானம் ஏற இரண்டும் தேவைப்படுகின்றன.