உப்பிய டின் மீன்

செண்பகனூரில் சாலையோரம் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கீழேயிருந்து வரும் சிப்ஸ் பாக்கெட்டுகள் மலையேறியதும் பலூன் போல உப்பிவிடும். இங்கே யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை. டின் மீன் டப்பாக்கள் உப்பியிருந்தபோதும் நான் அப்படித்தான் நினைத்தேன்.

போன மாதம் உணவுப் பாதுகாப்பு அலுவலர் சோதனைக்கு வந்தார். ஒரு டப்பாவின் மூடியை விரலால் அழுத்தினார்.

"என்னம்மா, இப்படி உப்பிக் கெடக்கு?"

"மலைக்கு வந்தா எல்லாம் உப்பத்தானங்க செய்யும்."

"பாக்கெட்டு உப்பும். டின்னு இப்படி உப்புனா உள்ள மீன் கெட்டுப்போச்சும்மா. தின்னா உசுருக்கே ஆபத்து."

இருந்த பதினோரு டப்பாக்களையும் பறிமுதல் செய்தார். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். பயமோ அழுகையோ வரவில்லை. அட்டைப்பெட்டியில் பன்னிரண்டு வந்தது என்பது மட்டும் நினைவுக்கு வந்தது.

பன்னிரண்டாவதை அன்று காலையில் வாங்கிப்போனவர் பின்வீட்டு செல்வி அக்கா. சிலோனிலிருந்து வந்த குடும்பம். டின் மீன் குழம்பென்றால் உயிர். கடையை அப்படியே விட்டுவிட்டு நடந்தேன். ஓடத் தோன்றவில்லை.

அக்கா ஐந்து பேருக்குச் சோறு வடித்திருந்தார். வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. டப்பாவைத் திறக்கக் கத்தியை எடுத்திருந்தார்.

"என்ன புள்ள, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு?"

"இது பழசுக்கா. வேற தாரேன்" என்று வாங்கிவந்து, கடையிலேயே இருந்த அலுவலரிடம் கொடுத்தேன்.

இப்போது ஒவ்வொரு டின்னையும் அழுத்திப் பார்த்த பிறகே அடுக்குகிறேன். புதுச் சரக்கு வந்ததும் மாற்றிக் கொடுத்த டப்பா நன்றாக இருந்ததென்று அக்கா நன்றி சொன்னார். பழையதில் என்ன இருந்ததென்று அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.