மானிட்டருக்கு வைத்த சந்தனம்

ஃபாயிஸாவுக்கு நாற்பத்தொரு வயது. பேகம்பூரில் வீட்டு முன்னறையிலேயே மானிட்டர் பழுது பார்க்கிறாள். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்துவிட்டு, ஒரு கம்ப்யூட்டர் கடையில் பில் போட உட்கார்ந்தவள். தேறாது என்று மூலையில் போட்ட மானிட்டர்களை ஒவ்வொன்றாக வீட்டுக்குத் தூக்கிப்போய்ச் சரிசெய்து கொண்டுவந்தாளாம். மூன்றாவது மானிட்டரோடு வந்தபோது, பில் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

நான் அவளைப் பார்த்தது சிவபிரகாஷ் வீட்டில். அவரைக் கவனித்துக்கொள்வது என் பகல் வேலை. நரம்பு நோய். கண் அசையும், உதடு லேசாகத் திறக்கும், கொஞ்சம் விழுங்குவார், அவ்வளவுதான். மானிட்டரின் அடியில் ஒட்டிய கருவி ஒன்று, அவர் எந்த எழுத்தைப் பார்க்கிறாரோ அதைத் திரையில் எழுதும். அவர் பேச்சு மொத்தமும் அதில்தான். ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் அந்தத் திரை கறுத்துவிட்டது. வேறு மானிட்டர் வைத்தால் கருவியை மறுபடி பழக்க வேண்டும், அதற்கு ஆள் வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள்.

அன்றிலிருந்தே அவர் கஞ்சிக்கு உதட்டைத் திறக்கவில்லை. வலியா என்றால் கண்ணை ஒருமுறை மூடுவார்: ஆமாம். தலையா, நெஞ்சா, வயிறா, முதுகா என்று பயிற்சியில் கற்றுக்கொண்ட வரிசைப்படி கேட்டேன். எல்லாவற்றுக்கும் இரண்டு முறை: இல்லை. மூன்றாம் நாள் டாக்டர் வந்தார். சாயங்காலத்துக்குள் சாப்பிடாவிட்டால் மதுரைக்குக் கொண்டுபோய் மூக்கில் குழாய் போட வேண்டும் என்றார்.

"பேச்சு நின்னுபோன கோவத்துல சாகப் பாக்குறாரு சிஸ்டர்" என்று அவர் மனைவி சுகன்யா அழுதாள்.

"அழுறத அப்புறம் வச்சுக்க. மொதல்ல மானிட்டருக்கு ஆளக் கூப்புடு" என்றேன்.

ஃபாயிஸா டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள். நேரே கட்டிலுக்குப் போனாள். "தம்பி, ஒங்க மானிட்டரத் தொடுறேன். சரியா?" அவர் கண்ணை மூடித் திறக்கும் வரை நின்றாள். அந்த வீட்டில் அவரைக் கேட்டு யாரும் எதையும் தொட்டதில்லை, நானும்தான்.

மானிட்டரின் தலைப்பக்கக் காற்றுத் துளைகள்மேல் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன.

"யாரு வச்சது?"

"நாந்தான். பூஜையில்ல?"

"ஓரமா ஒரு பொட்டு வச்சாப் பத்தாதா? சந்தனத்துலயே குளிப்பாட்டியில்ல விட்டிருக்கீக! ஆயுத பூஜை முடிஞ்சாப் போதும், எங்க வாசல்ல பொட்டு வச்ச மானிட்டரா வந்து எறங்கும். ஒங்க சாமிதான் எனக்குச் சோறு போடுது."

சுகன்யா அழுகையோடு சிரித்துவிட்டாள்.

"கம்ப்யூட்டர அணைச்சீகளா?"

"இல்ல, மானிட்டர் சுவிட்சத்தான் தட்டித் தட்டிப் பாத்தேன்."

"நல்லதாப் போச்சு. டார்ச் இருக்கா?"

கருவிழி பார்க்க நான் வைத்திருக்கும் பேனா டார்ச்சைக் கொடுத்தேன். அதைத் திரையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தாள். கறுப்புக்குள் எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன.

"படம் இருக்கு. பின்னாடி வெளிச்சந்தான் போச்சு" என்று சொல்லிக்கொண்டே டார்ச்சை அங்குலம் அங்குலமாக நகர்த்தினாள். நான் படித்தேன்.

பல். பல். பலல். வலதுமேல். கடைசிபல். பல்.

திரை முழுக்க அதுதான். எந்த எழுத்து எந்த இடம் என்ற ஞாபகத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மூன்று நாளாக இருட்டையே பார்த்து எழுதியிருக்கிறார். முப்பது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

அதே டார்ச்சை வாங்கி அவர் உதட்டை விலக்கிப் பார்த்தேன். கடைவாய்ப் பல்லைச் சுற்றி ஈறு வீங்கிச் சிவந்திருந்தது. என் வரிசையில் வாய் இல்லவே இல்லை.

சுகன்யா பல் டாக்டரைக் கூட்டிவர ஓடினாள். ஃபாயிஸா மானிட்டரின் முதுகைக் கழற்றினாள். உள்ளே வழிந்த சந்தனம் இரண்டு கம்பிக் கால்களுக்கு நடுவில் நூல்போல் காய்ந்து கிடந்தது. என்னிடமிருந்த ஸ்பிரிட்டைத் தொட்டு, பழைய பிரஷ்ஷால் தேய்த்தெடுத்தாள். அந்த ஈரத்தில் கருகியிருந்த கடுகளவு ஃபியூஸை நீக்கி வேறு வைத்தாள். ஒரு மணி நேரத்தில் திரை வெளுத்தது.

சிவபிரகாஷின் கண்கள் அசைந்தன. பிறகு எழுத்துகள் வந்தன:

"அக்காவுக்கு டீ குடுத்தீங்களா?"

யாரும் கொடுத்திருக்கவில்லை. அடுப்பைப் பற்றவைக்கப் போனேன்.

பல் டாக்டர் வந்து ஊசி போட்டு, மருந்தும் கொடுத்தார். சாயங்காலம் சிவபிரகாஷ் அரை டம்ளர் கஞ்சி குடித்தார். மதுரைக்குச் சொல்லிவைத்த வண்டியை வேண்டாம் என்றோம்.