மூன்று நாள் பொறுமை

“உங்க அத்தானுக்கு ஆயுள் தண்டனையாமே?” என்று முடிவெட்டுபவர் என் பிடரியில் கத்தியை வைத்துக்கொண்டு கேட்டார். அவருக்கு யாரோ ஒரு சமையல்காரர் சொன்னாராம். நான் சிரித்துவிட்டேன். அப்போது எனக்குத் தைரியம் இருந்தது.

அத்தான், என் அக்காவின் கணவர், இந்த வெளிநாட்டு ஊரில் ஒரு விடுதியின் சலவைக்கூடத்தில் பதினொரு வருடமாகப் படுக்கை விரிப்புகளைத் தேய்க்கிறவர். ஈ மேலே உட்கார்ந்தால்கூடத் தானாகப் போகட்டும் என்று விடுவார். அன்று மேற்பார்வையாளர், மடிப்பு சரியில்லை என்று எல்லோர் முன்னாலும் விரிப்பை அவர் முகத்தில் வீசியிருக்கிறார். அத்தான் பக்கத்திலிருந்த துணிவண்டியை அவர்மேல் தள்ளிவிட்டார். மேற்பார்வையாளரின் கணுக்கால் முறிந்தது. வேண்டுமென்றேதான் தள்ளினேன் என்று போலீசிடம் அத்தானே சொல்லிவிட்டார்.

நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள் போலீசில்.

“மாப்ளே, நீ ரெண்டு மொழி படிச்சவன். நாலு வரி எழுதிக் குடு” என்றார் அத்தான்.

நான் நாலு பக்கம் எழுதினேன். சரக்கு அலுவலகத்தில் பெட்டி எண்களை எழுதியே தேய்ந்த கைக்கு வேறு எப்போது வாய்ப்புக் கிடைக்கும்? அத்தானை யாரும் முன்கோபி என்று நினைத்துவிடக் கூடாதே! “மூன்று நாட்கள் அவருடைய ஏச்சைப் பொறுத்தேன். ஆற அமர யோசித்தேன். வேறு வழியில்லை என்று தெளிந்த பிறகே வண்டியைத் தள்ளினேன்.” படித்துப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. அத்தான் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். இந்த ஊர் மொழியில் அவருக்குத் தன் பெயர் மட்டும்தான் எழுத வரும்.

எழுதிக் கொடுத்த இரண்டாம் நாள், அத்தானுக்காக வாதாட வந்த, நம் மொழி பேசும் வக்கீலம்மா கூப்பிட்டார். “இதை எழுதின புண்ணியவான் யாரு?”

பாராட்டப்போகிறார் என்று, “நான்தான் மேடம்” என்றேன்.

“அந்த நிமிஷக் கோபத்துல தள்ளியிருந்தா மாசக் கணக்குல முடிஞ்சிருக்கும். மூணு நாள் யோசிச்சு எலும்பை உடைச்சா வருஷக் கணக்கு, தம்பி.”

“அவரோட பொறுமையைத்தானே மேடம்...”

“பொறுமையா? திட்டம் போட்டுச் செஞ்சார்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க.”

அந்த மூன்று நாளும் என் கைச்சரக்கு என்று நானே போய்ச் சொன்னால் அத்தான் மாதக் கணக்கோடு தப்பிக்கலாமாம். பொய் எழுதியதற்கு என்னையும் விசாரிப்பார்கள். விசா போனாலும் போகும். மறுநாள் பதினொரு மணிக்குள் முடிவு சொல்லச் சொன்னார்.

மாலையில், காவலில் இருந்த அத்தானைப் பார்க்கப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, “விடு மாப்ளே, உனக்கென்ன, நல்லாத்தானே எழுதியிருப்ப” என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

இன்று காலை பத்தே முக்காலுக்கு வக்கீலம்மாவின் எண்ணை அழுத்தினேன். “வர்றேன் மேடம்” என்பதை இரண்டு மொழியிலும் ஒத்திகை பார்த்திருந்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. ‘நீ கூப்பிட்டாய், அவர்தான் எடுக்கவில்லை, போதும்’ என்றது என் வெட்கங்கெட்ட மனசு. துண்டித்துவிட்டு மறுபடி அழுத்தினேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.