ஊருணிச் சேறும் மூன்று துறைகளும்

ஓர் ஆய்வுத் தலைப்பு ஒன்றுக்கு மேற்பட்ட துறைகளைச் சார்ந்திருந்தால், பதிவாளர் கூட்டுக்குழு அமைத்து ஒரு மாதத்துக்குள் பதில் தரவேண்டும். பல்கலைக்கழக விதி அப்படித்தான் சொன்னது. எழுபதுகளின் தொடக்கத்தில் காரைக்குடியில் ஒரு கல்லூரியின் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்த எனக்கு அது மனப்பாடம். விதியைப் படித்தவர்கள் சிலரே. பதிவாளர் அவர்களில் ஒருவராக இருந்ததாகத் தெரியவில்லை.

எங்கள் தாவரவியல் விரிவுரையாளர் ஓர் அம்மையார். சிங்கம்புணரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். வலையபட்டிக்கு அருகே ஒரு குடிநீர் ஊருணியை முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். அடியில் அடுக்கடுக்காகப் படிந்த சேற்றை வெட்டிப் பார்த்தால், நீரும் செடியும் ஊராரின் புழக்கமும் ஒன்றையொன்று எப்படி மாற்றின என்று சொல்லிவிடலாம் என்பது அவர் எண்ணம். சுற்றுச்சூழல் என்ற சொல்லே அப்போது எங்கள் கோப்புகளில் ஏறியிருக்கவில்லை.

ஒப்புதலுக்கு முன் எடுத்த சேறு பட்டத்துக்குச் செல்லாது. ஊராரோ கோடைதோறும் வீட்டுக்கு ஓர் ஆளாக இறங்கித் தூர் வாருவார்கள். வாரினால் அடுக்குகள் கலைந்துவிடும். பதில் வரும்வரை பொறுக்கும்படி அம்மையார் கேட்டுக்கொண்டார். பொறுத்தார்கள்.

மாசியில் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போனது. அங்கே தாவரவியல் குழு, சேறு வேதியியலுக்கு உரியது என்றது. வேதியியல், ஊர்ப் புழக்கம் வரலாறு என்றது. வரலாறு, கல்வெட்டு ஏதும் உண்டா என்று கேட்டது. விதி எண்ணைச் சுட்டிப் பதிவாளருக்கு நான் நினைவூட்டுக் கடிதங்கள் அனுப்பினேன். அதே எண்ணைப் பிழையில்லாமல் திருப்பி எழுதி, "பரிசீலனையில் உள்ளது" என்றார்கள் அவர் அலுவலகத்தில்.

ஆடி பிறந்ததும் ஊரார் கூப்பிட்டனுப்பினார்கள். அம்மையாருடன் நானும் போனேன். செருப்பைத் தொலைவிலேயே கழற்றிவிட்டுக் கரையேறினோம்.

"என்ன டீச்சரம்மா, பதில் வந்துருச்சா?" என்றார் ஊர்த் தலைவர்.

"இன்னும் வரலைய்யா. பாத்துக்கிட்டு இருக்காக."

"பாக்கட்டும். மழைக்கும் ஒரு கடுதாசி போட்டுருங்க, அவுக பாத்து முடிக்கிறவரைக்கும் வராதேன்னு."

குடத்தோடு நின்ற ஒரு பெண் என்னைக் காட்டி, "கடுதாசி எழுதுறது இந்த ஐயாதான் போல. நல்லாப் பாத்துக்கங்கடி!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

தலைவர் சிரிக்கவில்லை. "தூர் வாராம மழை விழுந்தா ஊருணி பாதிதான் கொள்ளும். பங்குனிக்குள்ள வத்திரும். பிள்ளைக எங்குட்டுப் போயி குடிக்கும்? நீங்க சொல்லுங்க, கேட்டுக்கிறோம்."

அம்மையார் கீழே வெடித்துக் கிடந்த சேற்றைப் பார்த்தார்.

"நாளைக்கே இறங்குங்கய்யா."

திரும்பும்போது பஸ்ஸில், விண்ணப்பத்தைத் திரும்பப் பெறவா என்று கேட்டேன். "அது பாட்டுக்கு இருக்கட்டும் சார்" என்றார். மறுநாள் விடுப்பு எழுதிக் கொடுத்தார். காரணம்: சொந்த வேலை. ஊரோடு சேர்ந்து அவரும் கூடை சுமந்தார் என்று பின்னர் கேள்விப்பட்டேன். சேறு வண்டி வண்டியாக வயல்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

கூட்டுக்குழு அமைக்கப்பட்டது, ஆய்வுக்கு ஒப்புதல் உண்டு, ஆனால் சேறு கலையாமல் இருப்பதாகக் கல்லூரி சான்றளிக்க வேண்டும் என்ற பதில், ஊருணியில் மேல்படி வரை தண்ணீர் ஏறிய பிறகு வந்தது. அன்று ஐப்பசி மாதக் கடைசி நாள்.