முனைவர் படிப்புக்கு ஓர் ஆறிய காயம்

இந்த ஊர்க் கடையில் பில் போடும் பெண் தலை நிமிராமலே "ஹவ் ஆர் யூ?" என்பாள். கனடாவின் வின்னிபெக் நகருக்கு வந்த முதல் வாரம் அதைக் கேள்வி என்று நம்பி, இரண்டு நாளாகத் தூக்கமில்லை, அம்மா நினைப்பாகவே இருக்கிறது என்று விளக்கத் தொடங்கினேன். பின்னால் வரிசை நீண்டது. அவள் மிரண்டுபோய் மேலாளரைத் தேடினாள். பதிலுக்கு யாரும் காத்திராத இதே நாட்டில்தான், அந்தப் பதிலை உட்கார்ந்து கேட்பதற்கு முனைவர் பட்டம் வரை படிப்பு இருக்கிறது. கிளினிக்கல் சைக்காலஜி, அதாவது மருத்துவ உளவியல். நான் அதற்கு விண்ணப்பித்தேன்.

பல்கலைக்கழகத்தார் கேட்டது கொஞ்சமல்ல. மூன்று சிபாரிசுக் கடிதங்கள், ஆராய்ச்சி அனுபவம், மேற்பார்வையில் மனிதர்களோடு பேசிய மணிக்கணக்கு. மதிப்பெண் பட்டியலைக் கல்லூரியே உறையிலிட்டு, ஒட்டிய இடத்தின் மேல் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அதற்காக ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நான்கு முறை டவுன் பஸ் ஏறியவர் என் பெரியப்பா. பட்டாளத்தில் இருந்தவர், வரிசையில் நிற்க அலுக்காதவர். கல்லூரி கிளார்க் உறையை ஒட்டினார், உள்ளே சரியாக இருக்கிறதா என்ற சந்தேகத்தில் பிரித்தார், மறுபடி ஒட்டினார். கடைசியில், "அம்புட்டுத் தூரம் போயும் பைத்தியத்தையா படிக்கணும்?" என்று கேட்டாராம். பெரியப்பா உறையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

பிறகு வந்தது சுயவிளக்கக் கட்டுரை. இந்தத் துறைக்கு உங்களைக் கொண்டுவந்தது எது? அதே துறையில் ஏற்கெனவே இடம் பிடித்த மேகன் எனக்குப் பாடம் எடுத்தாள்: ஒரு காயம் இருக்க வேண்டும், ஆனால் ஆறியிருக்க வேண்டும், வாசிப்பவர் கலங்க வேண்டும், உன்னைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாது. எனக்கு அப்படியொரு காயம் சிக்கவில்லை. பெரியப்பாவுடையதை எடுத்துக்கொண்டேன். பட்டாளத்திலிருந்து வந்த பிறகு, மில் சங்கு ஊதினால் சாப்பாட்டை விட்டு எழுந்து, கொல்லைச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்பார். "சிகிச்சையே கிடைக்காத சமூகம்" என்று எழுதினேன். மேகன், "பவர்ஃபுல்" என்றாள். ஊரில் இருக்கும் தம்பிக்கும் ஒரு பிரதி அனுப்பினேன்.

அடுத்த வாரம் பெரியப்பாவே போன் செய்தார். "என்னயப் பத்தி எழுதிருக்கியாமே தாயி? ஒந்தம்பி சொன்னான். படி, கேப்போம்."

தப்பிக்க வழியில்லை. தமிழில் சொல்லச் சொல்ல என் குரல் இறங்கிக்கொண்டே போனது. முடித்ததும் அவர் இருமினார்.

"எழுதுனது தப்பில்ல. ஆனா வைத்தியமே பாக்கலன்னு போட்டுருக்க. நான் சுவத்துல நிக்கும்போது ஒம் பெரியம்மா டீய மூடி வச்சிட்டுப் பக்கத்துல வந்து உக்காருவா. ஒண்ணுங் கேக்க மாட்டா. பிள்ளைக வந்தா, 'அவிய செத்த நேரம் நிக்கட்டும்'னு அனுப்பிருவா. எத்தன வருசம்! அது என்னதாம்?"

அன்று பகல் முழுக்கக் கட்டுரையைத் திருத்தினேன். மேகனுக்குப் பிடிக்கவில்லை, தெளிவு குறைந்துவிட்டதாம்.

நேர்காணலில் பேராசிரியை, பெரியம்மா வரும் இடத்தில்தான் நின்றார். பெரியம்மா என்ன செய்தார்? நான் என் ஆங்கிலத்தில், "ஷி கவர்ட் இட்", மூடி வைத்தார் என்றேன். "கணவரின் நோயை மூடி மறைத்தாரா?" என்று அவர் வருத்தத்தோடு குறித்துக்கொண்டார். "இல்லை, டீ டம்ளரை. தட்டால்." அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஆறிவிடாமல் இருக்கவா?" ஆமாம் என்றேன்.

காத்திருப்போர் பட்டியலில் என்னைப் போட்டிருக்கிறார்கள். இதை ஊரில் சொன்னேன். "பாப்பாவுக்கு டாக்டர் சீட்டு" என்று பெரியப்பா தெருவுக்கே சொல்லிவிட்டார். இன்று பக்கத்து ஊரான தளவாய்புரத்து அக்கா ஒருத்தியின் முதுகெலும்பு எக்ஸ்ரே வாட்ஸ்அப்பில் வந்தது. வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து எடுத்த படம். எலும்புகளுக்குப் பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை மங்கலாகத் தெரிந்தது. போன் கண்ணாடியில் என் ஜன்னலுக்கு வெளியே விழும் பனி நிழலாடியது. அந்த அக்காவுக்கு எங்கே வலிக்கிறது என்று பெரிதாக்கிப் பார்த்தேன்.